சதுப்போரம் வரை வளர்ந்த குழல்

சைமியின் துப்பாக்கிக் குழல் உருளைக்கிழங்கு தோண்டும் வாரத்தில் சமையலறை ஜன்னலைத் தாண்டி வெளியே வந்தது. பால் கொள்முதல் விலை குறைந்ததும் அதே வாரம்தான். ஹெட்டேவாரா கிராமத்தில் ஜனங்கள் பாலைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். சைமி ஒரு கண்ணாடிச் சில்லைக் கழற்றிவிட்டு, குழலைச் சுற்றிப் பழைய கம்பளிக் காலுறைகளைத் திணித்துக் குளிரை அடைத்தாள். குழல் எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் கேட்கவில்லை. சாலைக்கு அப்பால், வயலுக்கும் அப்பால் இருந்த சதுப்பு நிலத்தைப் பார்த்துத்தான் போனது.

அதற்குச் சில வருடங்கள் முன்புவரை அது அடக்கமாக அறுபது சென்டிமீட்டர் குழலோடு இருந்த, அவளுடைய அப்பாவின் துப்பாக்கி. சாகும்போது அவர் மகன் எல்யாஸுக்கு டிராக்டரையும், மகளுக்குத் துப்பாக்கியையும் சதுப்போரத்தில் தான் நின்ற இடத்தையும் கொடுத்தார். மூஸ் மான் வேட்டையில் நாய் மானைக் கிளப்பும். மற்றவர்கள் ஆளுக்கொரு இடத்தில் அசையாமல் காத்திருப்பார்கள். யார் எங்கே என்பதை வேட்டைத் தலைவர் காலையில் நெருப்பருகே நின்று வாசிப்பார். வாசித்துவிட்டால் மாற்றம் கிடையாது. இடத்தை விட்டு எழுந்தவனுக்கு ஊரில் மரியாதையும் கிடையாது. சதுப்போரம் என்றால் சைமி. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வேறு ஊருக்குப் போகவில்லை; ஊரில் அவளுடையது என்று சொல்ல இருந்தது அந்த இடம்தான்.

எல்யாஸ் வேட்டைத் தலைவனான வருடம் வசந்தத்தில் அக்கா வீட்டுக்கு வந்து, ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் நனைத்தபடியே பேச்செடுத்தான்.

"அக்கா, சதுப்போரம் ஒரே காத்து. உன் முட்டிக்கு அது ஆகாது. மரக் கூட்டத்துக்குள்ள வந்துடு. கதகதன்னு இருக்கும்."

"அப்பா இடத்துல யாருடா நிப்பா?"

"யாரும் நிக்க மாட்டாங்க. சும்மா கெடக்கட்டும். அவரு ஞாபகமா."

அதைக் கேட்டு அவளுக்குக் கண் கலங்கியது என்னவோ உண்மை. ஸ்ப்ரூஸ் மரங்கள் நெருக்கியடித்து நிற்கிற அந்த அடர்த்திக்குள் நீளத் துப்பாக்கியைத் திருப்பினால் கிளையில் மாட்டும். முனையில் சைலன்சரையும் பூட்டினால் கேட்கவே வேண்டாம். அவள் துப்பாக்கி பழுது பார்க்கிற ரெய்னோவிடம் போனாள்.

ரெய்னோ குழலைத் துணியால் துடைத்துப் பிடிப்பானில் வைத்தார். "நான் ஆளுக்கு அறுக்கறதில்ல சைமி, இடத்துக்கு அறுக்கறேன். எங்க நிக்கப் போற?"

"மரத்துக்குள்ள. முப்பது அடி தாண்டிக் கண்ணுக்கு எதுவும் தெரியாது."

"அப்படின்னாலும் அம்பது சென்டில நிறுத்திக்கோ. கொஞ்சம் குட்டை, ஆனா வேகம் பெருசா குறையாது. நாளைக்கே சதுப்போரம் திரும்பிப் போனாலும் தைரியமா சுடலாம். அதுக்குக் கீழ போனா வெடியும் நெருப்பும்தான் அதிகம், குண்டு சீக்கிரம் களைச்சுடும்."

அப்போது உள்ளே தொலைபேசி அடித்தது. ரெய்னோ போய்ப் பேசிவிட்டு வந்தார். வந்தவர் அவள் முகத்தைப் பார்க்காமல் அளவுகோலைப் பார்த்துச் சொன்னார்: "நாப்பத்திரண்டே வெச்சுடலாம். உனக்கு அதுதான் தோது."

"இப்பத்தானே அம்பதுன்னீங்க?"

"யோசிச்சேன்."

அறுத்தார்கள். தோள் வலிக்காத, கைக்கடக்கமான நல்ல துப்பாக்கியாகத்தான் அது வீடு திரும்பியது. இலையுதிர்காலம் வந்ததும் முதல் வேட்டைக் காலையில் எல்யாஸ் நெருப்பருகே நின்று வாசித்தான்: அடர்த்தி, சைமி. சதுப்போரம், லாஸ்ஸே. லாஸ்ஸே அவனுடைய புது மருமகன், ஓலு நகரத்தவன். அவன் பூட்ஸில் கடைப் பளபளப்புகூடப் போகவில்லை.

"டேய், யாரும் நிக்க மாட்டாங்கன்னு சொன்னது நீதானே?"

"பொண்ணோட புருஷன் அக்கா, வேற என்ன பண்ணச் சொல்ற? உன் துப்பாக்கியும் இப்ப குட்டை. அந்தத் தூரத்துக்கு உன்ன நிறுத்துனா மானுக்குப் பாவம். நீயே அறுத்துட்டு வந்து நிக்கற."

சுற்றியிருந்தவர்கள் தங்கள் தொத்திறைச்சி கருகுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்கள். சைமி போய் மரங்களுக்குள் உட்கார்ந்தாள். மதியம் சதுப்போரத்தில் ஒரு வெடி கேட்டது. அவள் மடியில் கிடந்த குழல் ஒரு சாண் நீண்டு, சைலன்சர் பாசியில் விழுந்தது.

ரெய்னோ அளந்து பார்த்தார். அறுபது. உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். ஒட்டு இல்லை, குண்டைச் சுழற்றிவிடும் வரிப்பள்ளங்கள் முறையாகச் சுழன்று போயின. "அறுத்தது நான். வளத்தது நான் இல்ல" என்று சொல்லி, கூலி வாங்காமல் அனுப்பிவிட்டார். அதன்பின் சதுப்போரத்தில் லாஸ்ஸே சுடும் ஒவ்வொரு முறையும் குழல் வளர்ந்தது. முதலில் சாண் கணக்கில், பிறகு ஆள் உயரக் கணக்கில். தூக்க முடியாமல் போனதும் சைமி அதைச் சமையலறை மேசையில் கிடத்தினாள். ஜன்னலைத் தாண்டிய பிறகு பக்கத்து வீட்டார் கவை போட்ட பிர்ச் கம்புகளை நட்டுத் தாங்கல் கொடுத்தார்கள்; கோடையில் அதிலேயே தரை விரிப்புகளைக் காயப்போட்டார்கள். சாலை வந்ததும் பனி வாரும் வண்டிக்காரர் அதை வண்டி உயரத்துக்கு மேலே ஏற்றி, இரண்டு பக்கமும் சிவப்புக் குச்சி நட்டார். உரிமம் பார்க்க வந்த போலீஸ்காரர், குழல் குறைந்தபட்சம் எவ்வளவு இருக்கவேண்டும் என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, அதிகபட்சம் இல்லை என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

வயலைக் கடந்து, ஓடையைக் கடந்து, ஒரு அக்டோபரில் முனை லாஸ்ஸேயின் காதருகே போய் நின்றது. அதற்குள்ளிருந்து கரண்டிச் சத்தமும் வானிலை அறிக்கையும் வந்தன. பிறகு குரல்.

"மாப்பிள்ளை, காத்து திரும்பிடுச்சு. உன் வாசனை மானுக்கு முன்னாடியே போயிடும். எந்திரி."

"யாரு, அத்தையா?"

"வேற யாரு இருக்கா இந்த ஊர்ல, உன்கிட்ட உண்மை பேச?"

அவன் எழுந்து போய்விட்டான். வாசித்த இடத்தை விட்டு எழுந்தவன் என்று பேரானதும், ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிப்பதோடு நிறுத்திக்கொண்டான். மறுவருடம் அங்கே நிற்க ஆளில்லை. சதுப்போரத்துக்கு எல்யாஸ் தன் பெயரையே வாசித்துக்கொண்டான். போய் உட்கார்ந்தவன் நாய் குரைப்பதைக் கேட்டபடி வெகுநேரம் குழல் முனையைப் பார்த்தான். பிறகு மண்டியிட்டு அதில் வாயை வைத்தான்.

சைமி அப்போது பின்புறம் திறந்திருந்த குழலில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுகோடியில் கடுகளவு வெளிச்சம் இருந்தது. அது மறைந்து, தம்பியின் குரல் வந்தது.

"அக்கா, அன்னைக்கு ரெய்னோவுக்குப் போன் போட்டது நான்தான். ரொம்பக் குட்டையா அறுக்கச் சொன்னேன். திரும்பி வர முடியாதபடி. தப்புதான்."

அடுப்பில் காப்பி பொங்கியது, இறக்கி வைத்தாள். நாயின் குரைப்பு குழல் வழியாக நெருங்கி வந்தது. பத்து வருடமாக அவளுக்குள் கிடந்த பேச்செல்லாம் தொண்டை வரை வந்தது. வந்ததில் ஒன்றை மட்டும் சொன்னாள்.

"வாயை எடு, எல்யாஸ். மான் வருது."

வெளிச்சம் திரும்ப வந்தது. அவள் தோட்டாவைப் போட்டாள். அந்த வருடத்து ஆகப்பெரிய மான் சதுப்போரத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு குழல் வளரவில்லை.

இப்போது காலை வாசிப்பில் 'சதுப்போரம், சைமி, வீட்டிலிருந்து' என்றுதான் வரும். யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. வேட்டை முடிந்ததும் குழலைத் துடைக்க இரண்டு பேர் வேண்டும். எண்ணெய்த் துணி கட்டிய கயிற்றை ஒருவர் சமையலறையிலிருந்து விட, இன்னொருவர் சதுப்பிலிருந்து இழுக்கவேண்டும். இழுப்பவன் எல்யாஸ். துணி வந்து சேர்ந்ததும் கயிற்றை இரண்டு முறை சுண்டுவான். அவளும் இரண்டு முறை சுண்டிவிட்டு, தன் பக்கத்தை மூடிவிடுவாள். அக்காவும் தம்பியும் அதைத் தவிர வேறு பேசிக்கொள்வதில்லை.