திரையில் எரிந்த விளக்கு

“மிஸ், உள்ளுக்குள்ள இருக்கிற அந்தக் கம்பியூட்டருக்கு, தான் இன்னொண்ணுக்கு உள்ள இருக்கிறது தெரியுமா?”

கேட்டவள் ஷாமிளா. எட்டு வயது. தோட்ட ஆபீஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவளுடைய அக்கா விஜயகலா. உள்ளே மேசையில் இருந்த, பதிவெழுதும் கிளாக்கர் குணேஸ்வரி திரையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“தெரியாது பிள்ளை. தன்ர பழைய வீட்டிலதான் இருக்கிறன் எண்டு அது நினைச்சுக்கொண்டிருக்கு.”

“பாவம்.”

“வாய மூடுடி. மிஸ்ஸே கவலையில இருக்காங்க,” என்றாள் அக்கா.

பதினான்கு வருடம் உழைத்த பழைய கம்பியூட்டர் அந்த ஆனி மாதம் நின்றுபோனது. பழைய பதிவேடுகளிலிருந்து ஏற்றிய, தோட்டத்தில் பிறந்தவர்களின் பதிவெல்லாம் அதிலிருந்த ஒரு ப்ரோக்ராமில் இருந்தது. புதிய மெஷினில் அந்த ப்ரோக்ராம் வேலை செய்யவில்லை. கொழும்பிலிருந்து வந்த ஒருவர், புதிய மெஷினுக்குள்ளேயே பொய்யாக ஒரு பழைய மெஷினை உண்டாக்கி, ப்ரோக்ராமை அதற்குள் குடிவைத்துவிட்டுப் போனார். ஓடியது. ஆனால் முன்பு ஒரு நிமிடத்தில் கிடைத்த பெயருக்குக் கொஞ்ச நாளாக முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். பாதியில் உறைந்துபோனால் மறுபடி முதலிலிருந்து. காகிதப் பதிவேடுகளைக் கறையான் எப்போதோ முடித்துவிட்டது.

விஜயகலா எண்பத்தொன்பதில் பிறந்தவள். நாடு கலங்கிக் கிடந்த அந்த வருடம் பாதைகள் மூடிக் கிடந்தன. பிறப்பைப் பதிய யாரும் டவுனுக்கு இறங்கவில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அடையாள அட்டையும் இல்லை. அட்டை இல்லாமல் அவளால் செக்பொயின்டைத் தாண்ட முடியாது. இரத்தினபுரியில் பாலர் பாடசாலை ஆசிரியைப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை பலாங்கொடையில், சான்றிதழும் அட்டையும் எடுத்துக்கொடுக்கும் நடமாடும் சேவை. தோட்டப் பதிவிலிருந்து ஒரு கடிதம் கொண்டுபோனால் எல்லாம் நடக்கும். இன்று வியாழன். பிள்ளைகள் மூன்றாவது நாளாக வந்து நிற்கிறார்கள்.

“அம்மா ஏதும் சொன்னவாவோ?” என்று குணேஸ்வரி கேட்டாள்.

“மிஸ்ஸுக்குத் தொந்தரவு குடுக்காதீங்கன்னு சொன்னிச்சு,” என்றாள் விஜயகலா.

அழகம்மா அப்படித்தான் சொல்லுவாள். போன வருடம் டவுனில், யாழ்ப்பாணத்து அட்டையைப் பார்த்த பொலிஸ்காரர்கள் குணேஸ்வரியை இறக்கி நிறுத்தினார்கள். அதே பஸ்ஸில் வந்த அழகம்மாவும் கூடவே இறங்கினாள். கொழுந்து பறிக்கிற அந்தக் கையை நீட்டி, இவர் எங்கள் ஆபீஸ் மிஸ், எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்னாள். போகச் சொன்னார்கள், போகவில்லை. மத்தியானத்திலிருந்து ஆறு மணிவரை, குணேஸ்வரியை வைத்திருந்த பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் மழையில் நின்று, இவளை அழைத்துக்கொண்டுதான் தோட்டம் ஏறினாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. செய்ததை நினைவூட்டாமல் இருப்பது, செய்ததைவிடப் பெரிய உபகாரம்.

பகல் பன்னிரண்டு மணிக்கு டவுனிலிருந்து மஷூர் வந்தான். கம்பியூட்டர் திருத்துகிறவன். வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான்.

“புது மெஷின வாங்கி மாட்டு வண்டி ஓட்டுறீங்களாமே மிஸ்.”

“வண்டி மட்டுமில்லை மஷூர், மாடும் படுத்திட்டுது.”

சிரித்துக்கொண்டு உட்கார்ந்தவன் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை நிறுத்தினான். திரையின் மூலையில் ஒரு குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. சுடர் அசையும், பூ உதிரும், மெல்லிய மணிச் சத்தமும் கேட்கும்.

“இது யாரு வச்சது மிஸ்?”

“நான்தான். சரஸ்வதி பூசைக்கு.”

“பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனா இது ஒண்ணே பாதி மெஷினத் தின்னுது. அந்தப் பழைய ப்ரோக்ராமும் சும்மா இருக்கிற சாதி இல்ல. யாராச்சும் பட்டன அமத்தினாங்களா, அமத்தினாங்களான்னு மூச்சு விடாமக் கேட்டுக்கிட்டே இருக்கும். ரெண்டு பேரும் ஒரே அடுப்புல சமைக்கிறாங்க. அதான் ஒண்ணும் வேகல்ல.”

“அப்ப?”

“இத மூடினாச் சரியா வரும்.” அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். “நான் கை வைக்க மாட்டேன் மிஸ். சாமி விஷயம். நீங்களே பார்த்துக்கங்க.”

தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் போனான்.

அந்த விளக்கு ஏன் எரிகிறதென்று அவனுக்குத் தெரியாது. குணேஸ்வரியின் தம்பி இளங்குமரன் சண்டை நடக்கும் வன்னியில் இருந்தான். கடைசிக் கடிதம் ஆவணியில் வந்தது. அடுத்த கடிதம் வரும்வரை இந்த விளக்கு அணையாது என்று பூசையன்று அவள் நேர்ந்துகொண்டாள். வீட்டில் விளக்கேற்றினால், அவள் ஆபீஸில் இருக்கும் நேரம் காற்று அணைத்துவிடும். இங்கே கரண்ட் போனாலும் பெட்டரி தாங்கும், பிறகு தேயிலை பெக்டரியின் ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும். ஒன்றரை மாதமாக மெஷினை அவள் அணைக்கவேயில்லை. மாலையில் திரைக்கு ஒரு துணியைப் போர்த்திவிட்டுப் போவாள்.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினாள். நான்கரைக்கு மற்றவர்களும் போனார்கள். தோட்டத்தை நடத்தும் துரை போகும்போது, “காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுக்கு முன்னால் கடிதம் என் மேசையில் இருந்தால் கையெழுத்து வைப்பேன். பிறகு நான் கொழும்புக்குப் போகிறேன்,” என்றார்.

குணேஸ்வரி மறுபடி ஒருமுறை தேடவிட்டாள். விளக்கு எரிந்தது. பெயர் வரவில்லை. ஐந்தே காலுக்கு ப்ரோக்ராம் உறைந்தது.

தம்பியின் முகத்தை நினைத்தாள். அவனையும் இந்த நேரத்தில் எங்காவது ஒரு வாசலில் யாரோ நிறுத்தியிருக்கலாம். அவனுக்காகப் பேச அங்கே ஓர் அழகம்மா இருக்க வேண்டும். அப்படி ஒருத்தியை அனுப்புகிற கடவுள், ஒரு பிள்ளையின் வழியை மறித்துக்கொண்டு எரிகிற விளக்கை என்னிடம் கேட்பாரா?

சுவரில் இருந்த பிள்ளையார் படத்திலிருந்து ஒரு செவ்வரத்தம் பூவை எடுத்தாள். விளக்கை வாயால் ஊதக்கூடாது, பூவால்தான் குளிரவைக்க வேண்டும் என்று வளர்ந்தவள் அவள். பூவைக் கண்ணாடித் திரையில், அந்தச் சுடரின் மேல் ஒற்றினாள். சுடர் அசைந்துகொண்டேதான் இருந்தது. மற்றக் கையால் மவுஸைப் பிடித்து அதை மூடினாள். மணிச் சத்தம் நின்றது.

ப்ரோக்ராமை முதலிலிருந்து தொடங்கினாள். தகப்பன் பெயரில் தேடினாள்; இரண்டு நிமிடத்தில் இல்லையென்றது. அவர்கள் குடியிருக்கும் இலய வரிசையின் இலக்கத்தில் தேடினாள், அதுவும் இல்லை. தாய் பெயரைக் கொடுத்தாள். வந்தது. பெண் குழந்தை. எட்டாம் இலயம். தாய் அழகம்மா. பிறந்த நேரம் விடியற்காலை நாலு பத்து.

கடிதத்தை அடித்து, பிரின்டர் சத்தம் ஓயும்வரை நின்று, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். துரையின் மேசையில் வைத்தாள். காற்றில் பறக்காமல் அதன்மேல் ஒரு தேயிலை சாம்பிள் டின்னை வைத்தாள். பிறகு ஆபீஸைப் பூட்டிவிட்டு, தூறலில் குடை விரிக்காமல் இறங்கி நடந்தாள்.