பிரிக்காத காலுறைப் பெட்டி

துபாயிலிருந்து மணிலாவுக்கு ஒன்பது மணி நேரம். அந்த விமானங்களில் நான் நர்ஸ் என்பதை யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் மூன்று வரிசை ஆட்களின் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் என் மடியில் வந்து விழும்.

ஜன்னலோரம் இருந்தவள் பெயர் மாரிசெல். ஏழு மாத வயிறு. துணிக்கடையில் கல்லாவில் வேலை. பிரசவத்துக்கு, மணிலாவுக்குத் தெற்கே பத்தாங்காஸில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போகிறாள். காலை நீட்ட அவளுக்கு இடமே இல்லை. சாக்லேட் மூட்டை, சோப்பு, டப்பா இறைச்சி எல்லாம் அவள் காலடியில் திணிக்கப்பட்டுக் கிடந்தன. வெறுங்கையோடு ஊருக்குப் போகிறவளை எங்கள் ஊர் ஆட்கள் மனுஷியாக மதிப்பதில்லை.

மூட்டையின் மேல் ஒரு பெட்டி. காலை இறுக்கிப் பிடித்து ரத்தம் உறையாமல் காக்கும் நீளக் காலுறை. உறைகூடப் பிரிக்கவில்லை.

"இது உனக்கா?"

"டாக்டர் எனக்குத்தான் குடுத்தாரு அக்கா, பிளேன்ல போட்டுக்கச் சொல்லி. ஆனா அத்தைக்குக் கால் நரம்பெல்லாம் சுருட்டிக்கிட்டிருக்கு. கேட்டு வச்சிருக்காங்க. போட்டுக் கழட்டுனதயா குடுக்கறது?"

"அப்ப தண்ணியாவது நிறையக் குடி. ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா எந்திரிச்சு நட."

"தண்ணி குடிச்சா பாத்ரூம் வரும். உங்களத் தாண்டணும், அந்த அண்ணனயும் எழுப்பணும். பாவம், தூங்குறாரு."

நடைபாதை ஓரத்து அண்ணன் ஷூவைக் கழற்றிவிட்டு, வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஈரச் சாக்ஸின் நாற்றம் சாப்பாட்டுத் தட்டுவரை வந்தது. எழுப்பித் தொலை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். காலுறையை நானே பிரித்து மாட்டிவிட்டிருக்க வேண்டும்.

"ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

இறங்கும்போது அவளுடைய இடது கால் செருப்புக்குள் போகவில்லை. ஆடுசதை தடித்துப் பளபளத்தது. தொட்டேன், சுட்டது. வலது கால் சாதாரணமாக இருந்தது.

"மரத்துப்போச்சு. நடந்தா சரியாயிடும்க்கா."

"நடக்காத. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"வெளிய எல்லாரும் காத்திருக்காங்க. மூட்டையக் குடுத்துட்டுப் போயிடறேன்."

சக்கர நாற்காலி வாங்கித் தள்ளினேன். வெளியே வேன் வைத்துக்கொண்டு பதினோரு பேர் வந்திருந்தார்கள். முதலில் மூட்டைகள் வேனில் ஏறின. சாக்லேட் எண்ணப்பட்டது. மாமியார் லூர்திங் காலுறைப் பெட்டியை முத்தமிட்டாள். "என் தங்கமே, மறக்காம வாங்கியாந்துட்டியே!" பிறகுதான் மருமகளின் காலைப் பார்த்தாள்.

"அடியாத்தி, வீங்கியில்ல கெடக்கு! உக்காந்தே வந்தா நரம்பு முடிச்சுப் போட்டுக்கும். ரெண்டு உருவு உருவுனா எறங்கிடும்."

தைலம் கையில் வந்துவிட்டது. தேய்த்துவிடுவதில் ஊரிலேயே பேர்போனவளாம். மண்டி போட்டு, கட்டைவிரல்களை அந்தச் சதையில் அழுத்தினாள். மாரிசெல் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியவர்கள் தேய்த்தால் வேண்டாம் என்று சொல்ல அவளுக்குத் தெரியாது.

லூர்திங்கின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"தேய்க்காதீங்க! உள்ள ரத்தக் கட்டி இருக்கு. பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போச்சுன்னா தாயும் இல்ல, புள்ளயும் இல்ல."

"நீ யாருடி?"

"நர்ஸ். பிளேன்ல இவ பக்கத்து சீட்டு."

"நர்ஸா? பக்கத்துலதான உக்காந்து வந்த?" லூர்திங் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப ஒம்போது மணி நேரமா என்னத்தப் புடுங்கிட்டிருந்த?"

அவள் கையை நான் விடவில்லை. மாரிசெல்தான் மாமியாரை எதிர்த்து முதன்முறையாக வாயைத் திறந்தாள்.

"விடுங்க அத்தை. மூச்சு முட்டுது."

லூர்திங்கின் முகம் வெளிறியது. மருமகளைப் படுக்க வைக்க, வேனிலிருந்து மூட்டைகளை அவளே தரையில் வீசினாள். ஒரு பொட்டலம் கிழிந்து சாக்லேட் சிதறியது. யாரோ பொறுக்கக் குனிந்தார்கள்.

மருத்துவமனை ஸ்கேனில் ஆடுசதையிலும் தொடையிலும் ரத்தக் கட்டி. நுரையீரலிலும் ஒரு துணுக்கு. சிறியது. ரத்தம் மேலும் உறையாமலிருக்க ஊசி ஆரம்பித்தார்கள். குழந்தையின் இதயம் ஓடிக்கொண்டிருந்தது. பிழைப்பார்கள் என்று மறுநாள்தான் சொன்னார்கள்.

அதுவரை வராந்தாவில் லூர்திங் தைலக் கைகளை மடியில் படாமல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் கழிவறையில் மூன்று முறை சோப்புப் போட்டேன். அவள் மணிக்கட்டிலிருந்து என் கையில் ஒட்டிய தைல வாசனை போகவில்லை.