படியைக் கும்பிட்ட ரோபோ

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா, ஈஜிபுரால குடியிருந்த மலரோட கதையைச் சொல்றேன்.

'எட்டாம் கிரகம்' டிவி தொடரில் ரோபோ வேஷம் மலருக்கு. முகமே தெரியாது. "அது நான்தான்" என்று சொன்னால் தெருவில் யாரும் நம்பவில்லை. "சும்மா பில்டப் குடுக்காதீங்கக்கா!" என்று எதிர்வீட்டு உதயா கேலி பண்ணுவான். மலர் விடுவிடுவென்று வீட்டுக்குள் போய்விடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொடரின் சொதப்பல் காட்சிகளை ரசிகர்கள் கோத்துப் போட்ட வீடியோவை உதயா வீட்டு டிவியில் எல்லாரும் பார்த்தார்கள், மலரும்தான். கேப்டன் வசனத்தை மறந்தார். விண்கலக் கதவு கையோடு கழன்று வந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்புறம் ரோபோ வந்தது. விண்கலத்தில் ஏறும்முன் குனிந்து, படியைத் தொட்டு இரும்புக் கண்ணில் ஒற்றிக்கொண்டது! குனிந்த வேகத்தில் தலை கழன்று உருண்டது. உள்ளே நாக்கைக் கடித்தபடி மலர்!

"அய்யோ, நம்ம மலரக்கா!" உதயா துள்ளிக் குதித்தான்.

"இன்னொரு வாட்டி போடுடா!" என்று வீடே கத்தியது.

"தங்கவயல் ஊர்ல மேடை நாடகம் போட்ட பழக்கம்டா. மேடையைக் கும்பிடாம கால் வைக்க வராது," என்றாள் மலர், சிரிப்பும் கண்ணீருமாக.

உங்க வீட்டுப் படி ஏறுற சந்தோஷமும் இறங்காமலே இருக்கட்டும், கண்ணுங்களா.