பன்னிரண்டு நகரங்கள்

எங்கள் குவோப்பியோ தொழிற்சாலையில் நீராவிக் குளியலுக்கான சவுனா அடுப்பு செய்கிறோம். ஃபின்லாந்தில் அடுப்பில்லாத வீடே இல்லை என்றான பிறகு, முதலாளி ராய்மோ ஜெர்மனி மேல் கண் வைத்தார். ஜெர்மன் பேசத் தெரிந்த தூலிக்கியை அங்கே அனுப்பினார்.

பதினோரு மாதம் அலைந்து அவள் ஒரு திட்டத்தோடு வந்தாள். அந்த நாட்டில் புகைபோக்கி ஆய்வாளர் கையெழுத்துப் போடாமல் யாரும் விறகு அடுப்பைப் பற்றவைக்க முடியாது. அதனால் முதலில் பஸாவ் மாவட்டம் மட்டும். ஆய்வாளர்களைக் கூப்பிட்டு அடுப்பை எரித்துக் காட்டுவது, பொருத்துகிறவர்களைப் பழக்குவது, பிறகுதான் விளம்பரம். இரண்டு வருடம் ஆகும். இதையெல்லாம் காபி குடிக்கும்போது என்னிடம் விளக்கியிருந்தாள். அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும்.

கூட்டத்தில் ராய்மோ சிரித்தார். "ரெண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு மாவட்டமா? நாம என்ன பெட்டிக்கடையா வெக்கப் போறோம்?"

ஹெல்சிங்கியிலிருந்து வந்திருந்த ஆலோசகன் ஆக்செல் திரையில் வரைபடத்தைக் காட்டினான். பன்னிரண்டு நகரங்கள், ஆறே மாதம்.

"அடுப்பு வீட்டுக்குப் போயிடும். பத்தவைக்க விடமாட்டாங்க" என்றாள் தூலிக்கி.

"பயந்தா வியாபாரம் பண்ண முடியாதும்மா" என்றான் ஆக்செல்.

ராய்மோ என் பக்கம் திரும்பினார். உற்பத்தி என் பொறுப்பு. "நீ சொல்லு. ஆறு மாசத்துல நாலாயிரம் அடுப்பு முடியுமா? அவ சொல்ற மாதிரி சிக்கல் ஏதாவது வருமா?"

நான் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த புது உற்பத்திக் கூடம், நாலாயிரம் அடுப்பு செய்வதென்றால்தான் கிடைக்கும். "முடியும். சிக்கல் ஒண்ணும் வராது" என்றேன். தூலிக்கி தன் தாள்களை மடித்து வைத்துவிட்டாள்.

புதுக் கூடம் எழுந்தது. விளம்பரம் நன்றாகவே வேலை செய்தது. அடுப்புகள் விற்றன. விற்றவை பெட்டி பிரிக்காமல் வாங்கியவர்களின் கார் நிறுத்தும் கொட்டகைகளில் கிடந்தன. முன்பின் பார்த்திராத அடுப்புக்கு எந்த ஆய்வாளரும் கையெழுத்துப் போடவில்லை. வசந்தத்தில் லாரி லாரியாகத் திரும்பி வந்தன. பஸாவ் பக்கம் தூலிக்கி நேரில் போய்ப் பேசிய பதினான்கு வீடுகளில் மட்டும் அடுப்பு எரிந்தது.

அதை அவள் சொன்னபோது ராய்மோ, "அப்போ திட்டம் சரியாத்தான் இருந்திருக்கு. மத்த ஊருக்கு நீ ஏன் போகல? ஜெர்மனி உன் பொறுப்புதானே?" என்றார். அவள் வேலை போனது. என் ஆட்கள் முப்பத்தொரு பேரின் வேலையும் போனது. பட்டியலை எழுதிக் கொடுத்தவன் நான். ஆக்செலுக்கு ஸ்வீடன் திட்டம் கிடைத்தது.

கடைசி நாள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"தெரியாம சொல்லியிருந்தா விட்டுடலாம். உனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சேதானே சொன்ன?"

"கூடம் வேணும்னு நெனச்சேன்."

"கெடச்சுதுல்ல" என்றாள். குரல் உயரவில்லை.

எஸ்தோனியக் கம்பெனி ஒன்று அவளை எடுத்துக்கொண்டது. அவர்கள் பஸாவில் தொடங்கி இப்போது நான்கு மாவட்டங்களில் விற்கிறார்கள்.

போன மாதம் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் அவளைப் பார்த்தேன். என் மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அதைப் பற்றி மட்டும் பேசினோம்.