மண்ணிலிருந்து தொடங்கும் கோடு

ட்ரெவரின் கல்பட்டறைக்குள் ஏவ்ரில் நுழைந்தபோது கல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் மல்லாந்து கிடந்தது. அவள் கணவனின் பெயர் வெட்டி முடிந்திருந்தது. டெரிக் ஹோல்டன், தபால்காரர். கீழே பிறந்த நாளும் இறந்த நாளும். பெயருக்கு மேலே ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம். அது மட்டும் இன்னும் சாக்பீஸ் கோடாகவே இருந்தது. உளி ஒரு கொத்துகூட விழவில்லை.

ட்ரெவர் கல்தூசியை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே வந்தார். கெட்ட சேதி சொல்பவர்கள் முதலில் நாற்காலியைத்தான் காட்டுவார்கள். அவரும் காட்டினார்.

"உட்காரும்மா ஏவ்ரில். நகராட்சியிலேருந்து போன் பண்ணாங்க. நட்சத்திரத்தை நிறுத்தி வைக்கச் சொல்றாங்க. யாரோ புகார் எழுதிக் குடுத்துட்டாங்களாம்."

"யாரு?"

"பேரு சொல்ல மாட்டேங்கிறாங்க. பக்கத்துக் கல்லறைக்காரங்கன்னு மட்டும் சொன்னாங்க."

பெயர் தேவைப்படவில்லை. ஆக்டன்ஷா கல்லறைத் தோட்டத்தில் டெரிக் படுத்திருப்பது கடைசி வரிசையின் கடைசி இடம். ஒரு பக்கம் முள்வேலி, அதற்கப்பால் மேய்ச்சல் நிலம், ஆடுகள். இன்னொரு பக்கம் வில்ஃப். டெரிக்கின் அக்கா நோரீனின் கணவன். மச்சான்கள் இருவரும் உயிரோடு இருந்தபோதே சேர்ந்து போய்த் தேர்ந்தெடுத்த இடங்கள் அவை. திரும்பி வந்து, காற்று எந்தப் பக்கம் குறைவு என்று பப்பில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள்.

ட்ரெவர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. ஒரு ஓக் இலை போட்டுடுவோமா? அழகா வரும். உங்க ஆளுங்களுக்கும் மரம்னா ஆகும். எவனும் வாயைத் திறக்க மாட்டான்."

"யோசிச்சுச் சொல்றேன் ட்ரெவர்."

பள்ளிக்கூடப் பேருந்தைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வந்திருந்தாள். மூன்றரைக்குப் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஓக் இலை மோசமில்லைதான். டெரிக்கைக் கேட்டிருந்தாலும் போட்டுத் தொலை என்றுதான் சொல்லியிருப்பான். சண்டை பிடிக்காத மனுஷன். மலையோரப் பண்ணைகளுக்கெல்லாம் நடந்தே தபால் கொடுத்தவன். அந்த நடையில்தான் அவனுக்கு இந்த இயற்கை வழிபாடு வந்தது. தினமும் ஒன்பது மைல் தனியா நடந்தா ஒண்ணு பைத்தியம் பிடிக்கும், இல்லேன்னா சாமி பிடிக்கும், எனக்கு ரெண்டாவது என்பான். நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள புல்வெளியில், வருஷத்துக்கு எட்டு நாள், ஏழு பேர் கூடி வட்டமாக நிற்பார்கள். நாலு திசைக்கும் வணக்கம், ரொட்டி, கொஞ்சம் ஆப்பிள் ரசம், மழை. ஏவ்ரில் முதலில் துணைக்குப் போனாள். மூன்றாம் வருஷம் அவன் காய்ச்சலில் கிடந்தபோது தனியாகவே கிளம்பிப் போனாள். அப்போதுதான் தானும் இதில் சேர்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது.

ஊருக்கு அவர்கள் சூனியக்காரக் கூட்டம். பாதி வேடிக்கை, பாதி பயம். சினிமாவில் தலைகீழாகக் காட்டும் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு எல்லா நட்சத்திரத்தையும் பேய்க்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் டெரிக் தன் வெள்ளி நட்சத்திரப் பதக்கத்தைத் தபால் சட்டைக்கு உள்ளேதான் போட்டிருப்பான். இருபத்திரண்டு வருஷம். கோடையில் எல்லோரும் மேல் பொத்தானைத் திறந்துவிடும்போதும் அவன் கழுத்துவரை பூட்டியிருப்பான். அவன் உடம்பைக் கழுவியபோது நெஞ்சுக்கூட்டின் நடுவில் அந்த வட்டத்தின் தடம் வெளுப்பாகத் தெரிந்தது. செத்த பிறகுமா சட்டைக்குள்ளே?

மணி மூன்று இருபது. வண்டியைக் கிளப்பினாள். ஓக் இலை வேண்டாம் என்பது மட்டும் தெளிவாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சபை ஆராதனை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் நேரம் பார்த்து நோரீன் வீட்டுக்குப் போனாள். முன்கதவைத் தட்டும் பழக்கம் இரண்டு பேருக்கும் கிடையாது. பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் நுழைந்தாள். அறுவடைத் திருநாளுக்கு நோரீன் ஆப்பிளை மாவில் பொதிந்து சுடும் பை செய்துகொண்டிருந்தாள். முழங்கை வரை மாவு. சபைக்குப் போட்டுப்போன நீலச்சட்டையை இன்னும் மாற்றவில்லை. திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"வருவேன்னு தெரியும். கெட்டில்ல தண்ணி இருக்கு."

"டீ குடிக்க வரல நோரீன்."

"அப்ப சண்டைக்கு வந்திருக்க. சண்டைன்னாலும் டீ வேணும். போடு."

ஏவ்ரில் டீ போட்டாள். கோப்பைகள் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். முப்பது வருஷமாக அதே அலமாரி. வில்ஃபின் கோப்பை, புறா படம் போட்டது, இன்னும் கொக்கியில் தொங்கியது. அதை விட்டுவிட்டு வேறு இரண்டை எடுத்தாள்.

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்," என்றாள்.

"சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பியா?"

ஏவ்ரில் மேஜையிலிருந்த கூடையில் ஓர் ஆப்பிளை எடுத்தாள். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது இதைத்தான். நெடுக்காக வெட்டாமல் குறுக்காக வெட்டினாள். இரண்டு பாதியிலும் விதையறைகள் ஐந்து முனை நட்சத்திரமாக விரிந்தன. அவற்றை நோரீனுக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள்.

நோரீன் பார்த்தாள். மாவைத் தட்டிவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஞாயித்துக்கிழமைப் பள்ளிக்கூடம் நடத்த வந்தியா? நாப்பது வருஷமா ஆப்பிள் வெட்டுறேன். அதுக்குள்ள நட்சத்திரம் இருக்கிறது எனக்குத் தெரியாதா? நிலாவுல கூடத்தான் மூஞ்சி தெரியுது. அதுக்காக அதைக் கொண்டாந்து என் புருஷன் தலைமாட்டுல நட முடியுமா?"

நோரீன் அந்த இரண்டு பாதியையும் எடுத்து, நறுக்கி, மற்ற ஆப்பிள் துண்டுகளோடு தள்ளிவிட்டாள். வீணாக்கும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"அது பேயோடது இல்ல நோரீன். எங்களுக்குப் பேய்னு ஒண்ணே கிடையாது. நாலு முனை நாலு பொருளுக்கு. மண்ணு, தண்ணி, நெருப்பு, காத்து. மேல நிக்கிற முனை, அதையெல்லாம் உயிரோட வச்சிருக்கிறதுக்கு. சுத்தி இருக்கிற வட்டம், எதுவும் வெளிய விழுந்துடாம பிடிச்சுக்கிறதுக்கு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" நோரீனின் குரல் திடீரென்று ஒடுங்கியது. "அவ்வளவுதான்னா அவன் ஏன் அதை ஒளிஞ்சு செஞ்சான்?"

"எதை?"

நோரீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மாவுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள்.

வில்ஃப் இறந்து ஐந்து வருஷம். மில்லில் பஞ்சுத்தூசி தின்ற நெஞ்சு. கடைசி இரண்டு மாதம் முன்னறையில் கட்டிலைப் போட்டுக் கிடந்தான். டெரிக் தினமும் தபால் முடிந்ததும் வந்து அவனுக்குச் சவரம் செய்துவிடுவான். என் மூஞ்சியைவிட என் புறாக்கூண்டைச் சுரண்டுறது சுலபம்டா என்று வில்ஃப் திணறித் திணறிக் கேலி செய்வான். இதெல்லாம் ஏவ்ரிலுக்குத் தெரிந்த கதை. நோரீன் அதற்கு அப்பால் சொன்னாள்.

"கடைசி நாள். சாயங்காலம் நாலு மணி இருக்கும். நான் டீ எடுத்துட்டுப் போறேன். கதவு கொஞ்சம் திறந்திருக்கு. உள்ள டெரிக் வில்ஃபோட கையை விரிச்சு வச்சு அதுல விரலால ஏதோ எழுதுறான். அஞ்சு கோடு. நான் எண்ணினேன். வில்ஃப் கண்ணை மூடிட்டிருக்கான். நான் ட்ரேயோட நின்னுட்டேன். உள்ள போகல. அப்புறம் ஒரு மணி நேரத்துல வில்ஃப் போயிட்டான்."

"டெரிக் எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"எங்கிட்டயும்தான் சொல்லல. நானும் கேக்கல. தம்பியாச்சேன்னு அஞ்சு வருஷம் அவனோட உக்காந்து சாப்பிட்டேன், கிறிஸ்துமஸ் கொண்டாடினேன். ஒவ்வொரு தடவையும் கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும். இப்ப அவனும் போயிட்டான், யாரைக் கேக்க?" அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். "வில்ஃப் ஞானஸ்நானம் வாங்கினவன் ஏவ்ரில். அவன் அங்க வாசல்ல போய் நின்னு கையை நீட்டும்போது, அந்தக் கையில என்ன தெரிஞ்சிருக்கும்? உள்ள விட்டிருப்பாங்களா? நீ சொல்லு. அதே கோட்டை அவன் பக்கத்துலயே கல்லுல வெட்டி நிறுத்துனா, ஒவ்வொரு வாரமும் நான் அங்க போய் எப்படி நிக்கிறது?"

இத்தனை காலம் இந்தச் சமையலறைக்குள் வந்து போயிருக்கிறாள். இப்படி ஒரு பயம் இதற்குள் உட்கார்ந்திருந்தது ஏவ்ரிலுக்குத் தெரியவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லிவிடலாம். வில்ஃபே அதைப் போடச் சொல்லியிருப்பான் என்று சொல்லலாம், யார் மறுக்கப் போகிறார்கள்? ஆனால் அவளுக்குத் தெரியாது. தெரியாததைச் சொன்னால் நோரீன் மோப்பம் பிடித்துவிடுவாள். பிறகு இந்தப் பின்வாசல் என்றைக்கும் திறக்காது.

"அவன் எங்க ஆரம்பிச்சான்? ஞாபகம் இருக்கா?"

"என்னது?"

"முதல் கோடு. மேலேருந்து கீழ வந்துச்சா, கீழேருந்து மேல போச்சா?"

நோரீன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு மேஜைக்கு மேல் கையை நீட்டி ஏவ்ரிலின் இடது கையைப் பிடித்து விரித்தாள். மாவு படிந்த சுட்டுவிரலை உள்ளங்கையின் அடியில், இடது மூலையில் வைத்தாள். அங்கிருந்து நேராக உச்சிக்கு ஒரு கோடு. உச்சியிலிருந்து வலது அடிக்கு. அங்கிருந்து இடது மேலுக்கு, குறுக்காக வலதுக்கு, மறுபடி ஆரம்பித்த இடத்துக்கு. ஓரிடத்திலும் விரல் தயங்கவில்லை. ஐந்து வருஷமாக அவள் இதை எத்தனை தடவை மனசுக்குள் போட்டுப் பார்த்திருப்பாள் என்று அந்த விரலே சொல்லிவிட்டது. கையில் வெள்ளையாக ஒரு நட்சத்திரம் நின்றது.

ஏவ்ரில் கையை மூடாமல் அதையே பார்த்தாள்.

"என்ன? சொல்லு. மோசமா இருந்தாலும் சொல்லு."

"அந்த அடி முனை இருக்கே, நீ விரல் வச்ச இடம், அது மண்ணோட முனை," என்றாள் ஏவ்ரில். "எதையாவது கூப்பிடணும்னா மேலேருந்து மண்ணுக்குக் கோடு இழுப்போம். வா, வந்து எங்களோட இருன்னு அர்த்தம். கூட்டம் முடியும்போது மாத்திப் போடுவோம். மண்ணுலேருந்து மேல. சில புத்தகத்துல அதை விரட்டுற கோடும்பாங்க. டெரிக்குக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. விருந்தாளியை யாராவது விரட்டுவாங்களாம்பான். வந்ததுக்கு நன்றி, போயிட்டு வான்னு சொல்றது அது."

"போயிட்டு வான்னா?"

"போயிட்டு வான்னுதான். அவன் வில்ஃபை எதுலயும் சேத்துக்கல நோரீன். அவன் மேல எதையும் எழுதல. வழியனுப்பியிருக்கான். அவனுக்குத் தெரிஞ்ச பாஷையில."

அடுப்பு சூடேறி டிக்கென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. தெருவில் யாரோ நாயை அதட்டிக்கொண்டு போனார்கள்.

"நான் பாட்டுப் பாடினேன்," என்றாள் நோரீன் கடைசியில். "அவன் போன அப்புறம் பக்கத்துல உக்காந்து. சபையில பாடுறது. அதுவும் வழியனுப்புறதுதான்." மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். கன்னத்தில் மாவு ஒட்டியது. "முட்டாப்பய. உள்ள வா நோரி, வந்து இன்னொரு கையைப் பிடின்னு சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

"வந்திருப்பியா?"

நோரீன் யோசித்தாள். "ட்ரேயைத் தூக்கி அடிச்சிருப்பேன்," என்றாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று இருவருக்கும் தெரியவில்லை.

கிளம்பும்போது நகராட்சிக் கடிதத்தைப் பற்றி ஏவ்ரில் கேட்கவில்லை. நோரீனும் எதுவும் சொல்லவில்லை. பை வெந்ததும் ஒன்றை எடுத்து, துணி சுற்றி, சூடா இருக்கு, துணியோட பிடி என்று கொடுத்தாள். அவ்வளவுதான்.

பதினெட்டு நாள் கழித்து ட்ரெவர் கூப்பிட்டார். புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டார்களாம், காரணம் ஒன்றும் எழுதவில்லையாம், இனி வெட்டலாமாம். "எது வேணும்? இலையா, நட்சத்திரமா?" என்று கேட்டார். ஏவ்ரில் சொன்னாள். நல்லா ஆழமா வெட்டுங்க என்றும் சொன்னாள்.

கல் நாட்டிய அன்று மலையிலிருந்து காற்று கிளம்பி மேய்ச்சல் நிலத்தின் புல்லை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. ட்ரெவர் தனி ஆளாக வந்திருந்தார். கையுதவிக்கு வருவதாகச் சொன்னவன் முதுகுவலி என்று படுத்துவிட்டானாம். சின்னப் பளுதூக்கியில் சங்கிலி போட்டுக் கல்லை இறக்கினார். ஏவ்ரில் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். வெட்டிய புதுக்கோடுகள் பாலேட்டின் நிறத்தில் இருந்தன. மழையும் புகையும் பட்டு மற்ற கற்களைப் போலக் கறுக்க இன்னும் பல வருஷம் ஆகும்.

கேட் கிறீச்சிட்டது. நோரீன் வந்துகொண்டிருந்தாள். சபைக்குப் போடும் நீலச்சட்டை, தலையில் முடிச்சிட்ட துணி. முதலில் வில்ஃபிடம் போய் நின்றாள். குனிந்து அவன் கல்லடியில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிப் போட்டாள். அதற்குப் பிறகுதான் திரும்பி நட்சத்திரத்தைப் பார்த்தாள்.

"கோணலா நிக்குது," என்றாள்.

"இன்னும் நிறுத்தி முடியலம்மா," என்றார் ட்ரெவர். சங்கிலியை விட முடியாமல் கண்ணால் பெட்டியைக் காட்டினார். "அதுல ரசமட்டம் இருக்கு. எடுத்து உச்சியில வைங்க. நேரா வந்ததும் சொல்லுங்க."

நோரீன் ரசமட்டத்தை எடுத்துக் கல்லின் தலைமேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஏவ்ரில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கல் மயிரிழையாக நகர்ந்தது.

"இன்னும் கொஞ்சம்," என்றாள் நோரீன். "என் பக்கம் தள்ளு. பயப்படாத, பிடிச்சிருக்கேன்."

கண்ணாடிக் குழாய்க்குள் பச்சைத் திரவத்தில் ஒரு சின்னக் குமிழ் மெதுவாக நடுவை நோக்கி ஊர்ந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்கள். குமிழ் கோட்டைத் தாண்டியது, நின்றது, காற்றில் ஒரு தடவை நடுங்கியது, திரும்பி வரத் தொடங்கியது.