முறுக்கின ஓரம்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் செல்போனில் பேசிக்கொண்டு வந்தாள். "எங்க மாமனாரு டீயையே விட்டுட்டாருக்கா. எல்லாம் என்னாலதான்" என்றாள். மடியில் எவர்சில்வர் டப்பா, அதிலிருந்து சோமாஸ் வாசனை. விக்கிரவாண்டியில் இறங்கிப் போய்விட்டாள். மிச்சத்தை நான்தான் கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: "மரக்காணம் கடற்கரையில் அன்று அலைகள்..."

வேண்டாம். அலையை வைத்துத் தொடங்கினால் அது பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது: "அருணா சொன்னதை அவள் கையே கேட்கவில்லை." இது பரவாயில்லை.

அருணா (பெயர் நான் வைத்தது) மரக்காணம் பக்கம், கடலுக்குப் போகிற வீட்டுப் பெண். ஒலக்கூரில் பயிர் வைக்கிற பாண்டுரங்கனின் மகன் கோகுலகிருஷ்ணனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். மாமனார் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் காலையில் அவராகவே, "டீ நீயே போடும்மா, உன் கையில நல்லாருக்குது" என்றார். அதற்குப் பிறகு அந்தக் காலை டீதான் அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை.

3

அந்தப் புரட்டாசியில் அருணா பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். அவளும் அண்ணி பவானியும் கார சோமாஸ் செய்ய உட்கார்ந்தார்கள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. இறால் வைத்தால் ஓரத்தைக் கையால் மடித்து மடித்து முறுக்குவார்கள். கிழங்கு வைத்தால் முள்கரண்டியால் அழுத்திவிடுவார்கள். வெந்த பிறகு எது எது என்று தெரிய வேண்டுமே.

(முறுக்கின ஓரத்தில் எண்ணெய் உள்ளே இறங்காது என்று சொன்னது என் தங்கை. இதில் நான் விசாரித்து எழுதியது அது ஒன்றுதான்.)

முறுக்கினதுதான் பார்க்க லட்சணம். மாமனாருக்கு லட்சணமாகக் கொண்டுபோக ஆசைப்பட்டாள் அருணா.

"அண்ணி, இன்னிக்கு மாத்திக்கலாம். கெழங்குக்கு முறுக்கு, எறாவுக்குக் கரண்டி. மாமா பெருமாளுக்கு விரதம் இருக்காரு. கலந்துடக் கூடாது."

"எனக்கென்னா, செஞ்சிட்றேன். உன் கைதான் கேக்கணும்" என்றாள் பவானி.

கேட்கவில்லை. பேச்சு சுவாரசியத்தில், சின்ன வயசிலிருந்து பழகின விரல்கள் பாதியில் இறாலையே முறுக்க ஆரம்பித்துவிட்டன. அவள் கவனிக்கவேயில்லை. முறுக்கினதெல்லாம் கிழங்கு என்றே நினைத்து டப்பாவில் அடுக்கிக்கொண்டாள்.

4

ஒலக்கூரில் மாமனார் இரண்டு சாப்பிட்டார். "நல்லாருக்குதும்மா" என்றார். பிறகு அருணா டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். பல்லில் இறால் பட்டது. மிச்சத்தையெல்லாம் பிட்டுப் பார்த்தாள். பாதிக்குப் பாதி இறால்.

(இங்கே ஒரு சங்கடம். மற்ற மாசமெல்லாம் இறால் சாப்பிடுகிறவருக்கு அந்த ருசி தெரியாதா? அதனால் அவருக்கு ஜலதோஷம் கொடுத்தேன். மூக்கடைத்துக்கொண்டது, நாக்கில் ஒன்றும் தெரியவில்லை. மட்டமான தந்திரம்தான். வேறு வழி தோன்றவில்லை.)

அவள் சொல்லவில்லை. இப்போதுதான் மருமகள் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறார், அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை. அதே வாரம் கோகுலகிருஷ்ணன் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். விழுப்புரம் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். இன்றைக்கும் சாய்ந்துதான் நடக்கிறான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாண்டுரங்கன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "என் மேலதாம்மா தப்பு. விரதத்துல திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சேன். ஆம்லெட் போட்டுக்கினு இருந்தவன் அதே கையால எடுத்துக் குடுத்தான். பேசாம வாங்கிக் குடிச்சிட்டேன். இனிமே எனக்கு டீயே வேணாம்."

"மாமா, அது டீ இல்ல, அது வந்து..."

[இந்த வாக்கியத்தைப் பல விதமாக முடித்துப் பார்த்தேன். எழுத எழுத அவள் வாயை மூடிக்கொள்கிறாள்.]

5

அதிலிருந்து அவருடைய டம்ளர் அலமாரியில் கவிழ்ந்தே கிடக்கிறது. காலையில் அருணா டீ போடும் நேரம் பார்த்து அவர் கொல்லைப் பக்கம் போய்விடுகிறார். தெரியாமல் முறிந்த விரதத்துக்குப் பெருமாள் கணக்குப் பார்ப்பாரா என்றெல்லாம் அவள் யோசிப்பதில்லை. அன்றைக்கே சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பார், அப்புறம் டீ குடித்திருப்பார். ஒரு சொல் சொல்லாமல் அந்த மனுஷனின் காலையைப் பிடுங்கிக்கொண்டோமே என்பதுதான் அவளை அரிக்கிறது.

6

முடிவு அ: அவள் சொல்கிறாள், அவர் வீட்டை விட்டுப் போகச் சொல்... அடித்துவிட்டேன். பாண்டுரங்கன் அப்படிப்பட்டவர் இல்லை.

முடிவு ஆ: கடைசிவரை சொல்லாமலே... இது அவளுக்குச் செய்கிற அநியாயம்.

முடிவு இ: அடுத்த வருஷம். புரட்டாசி முடிந்து தீபாவளி நெருங்குகிறது. அருணா சோமாஸ் சுடுகிறாள், பழைய வழக்கப்படி. கிழங்குக்குக் கரண்டி, இறாலுக்கு முறுக்கு. இந்தத் தடவை ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் எண்ணெயில் போடுகிறாள். பாண்டுரங்கன் அடுக்களை வாசலில் வந்து நிற்கிறார். தட்டைப் பார்க்கிறார்.

"முறுக்கின ஓரமா பாத்து ஒண்ணு குடும்மா. போன வருஷம் புரட்டாசில குடுத்தியே, அந்த மாதிரி."

இப்படி எழுத நான் நினைத்திருக்கவேயில்லை. ஜலதோஷம் கொடுத்தது நான்தான், அவர் அதை வாங்கிக்கொண்டாரா என்று பார்க்காமல் விட்டுவிட்டேன். அன்றைக்கே அவர் நாக்குக்கு எல்லாம் தெரிந்திருந்தால், ஆஸ்பத்திரி வராந்தாவில் பழியைத் தூக்கி டீ மேல் போட்டது யாருக்காக?

அருணாவுக்கும் அது இப்போதுதான் உறைக்கிறது. ஜல்லிக்கரண்டியோடு நிற்கிறாள். "மாமா, அன்னிக்கு..." என்கிறாள்.

எனக்கு இதற்கு மேல் வரவில்லை. வாக்கியத்தை முடிப்பதா, பேசாமல் அந்த டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைப்பதா, நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். வாணலியில் இருப்பது கருகிவிடும்.