இருக்கன்குடிக்குப் போகாத வேன்

கோயிலுக்குப் போகிறவள் தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பு கொண்டு போவாளா? அதுவும் செவ்வாய்க்கிழமை? ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகக் கட்டத் தெரியாத மனுசன் எப்படித்தான் மூன்று மாடி வீடு கட்டினானோ!

ஷரீஃபுன்னிசா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. உதடுகளைத் துணியால் கட்டியிருந்தாள். கவிழ்ந்த வேன் கோயிலுக்குப் போனதாக முதலாளி கதை கட்டுகிறார் என்று நேற்றே காதில் விழுந்திருந்தது. கிழக்கு இப்போதுதான் வெளுத்திருந்தது. வெயில் ஏறுவதற்குள் கலவையைச் சட்டியில் அடைத்துவிட வேண்டும். சூடு ஏறினால் மருந்து யார் சொல்லும் கேட்காது. அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்த செம்புத் தகட்டை வெறுங்காலால் மிதித்து, உடம்பிலிருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் பூச்சட்டிக் கூம்புகள் தலைகீழாக வரிசையில் நின்றன. அலுமினியப் பொடி கலந்த கருமருந்தை அள்ளி, போட்டு, மரக்கட்டையால் பதமாக இடித்து, மேலே களிமண் வைத்து அழுத்தினாள். தோள்பட்டை எரிந்தது. கண்ணோரம் அரித்தது. சொறிய முடியாது. விரல்கள் மணிக்கட்டு வரை வெள்ளியாக மின்னின. கலியாணத்துக்குக்கூட இம்புட்டு வெள்ளி போட்டதில்லை என்று வள்ளித்தாய் சொல்லிச் சிரிப்பாள்.

பக்கத்து இடத்தில் வள்ளித்தாய் இல்லை. அவள் உட்காரும் சாக்கு மட்டும் மடித்தபடி கிடந்தது.

செவ்வாய்க்கிழமை விடியலில் ஏழாயிரம்பண்ணையிலிருந்து பெண்களை அள்ளிக்கொண்டு அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனிக்கு வந்த வேன், கண்மாய்க் கரைத் திருப்பத்தில் கவிழ்ந்தது. டிரைவர் சங்கிலிமுத்து இரவு முழுக்கத் தூத்துக்குடிக்கு லோடு அடித்துவிட்டு வந்து, முகம் கழுவக்கூட நேரமில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். பத்துப் பேருக்கான வண்டியில் ஒருத்தி மடியில் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தார்கள். ஷரீஃபுன்னிசா உள்பட மற்றவர்களுக்குச் சிராய்ப்பும் வீக்கமும். வள்ளித்தாயின் தொடை மட்டும் வேனுக்கும் கருவேல மரத்துக்கும் நடுவில் சிக்கி முறிந்தது. ரோடெல்லாம் சோறும் குழம்பும். கருவாட்டு வாசனைக்கு நாய்கள் வந்தன. அவற்றுக்குப் பிறகுதான் முதலாளியின் கார் வந்தது.

வியாழக்கிழமையான இன்று, பத்து மணி டீக்குப் போர்மேன் பெத்தணன் எல்லாரையும் ஆபீஸ் முன்னால் வரச் சொன்னான். முதலாளி இராமகிருஷ்ணன் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மருமகன் நவநீதகிருஷ்ணன், கையில் செல்போன். சிவகாசியில் டிராவல்ஸ் நடத்துகிறவன். ஊர் ஊராகக் கோயிலுக்கு ஆள் கூட்டிப்போவதும், வெளிநாடு போகிற முதலாளிமாருக்குப் பயணக் காப்பீடு போட்டுக் கொடுப்பதும் தொழில்.

அந்தக் காப்பீட்டின் பெருமை இந்தப் பெண்களுக்கு ஏற்கெனவே தெரியும். போன வருசம் முதலாளி பட்டாசு மெஷின் பார்க்கச் சீனாவுக்குப் போனார். அங்கே எதையோ தின்று வயிற்றால் போயிற்று. ஹோட்டல் வாசலுக்கே கார் வந்ததாம், தமிழ் பேசுகிற டாக்டர் போனில் வந்தாராம், ராஜா மாதிரிப் படுக்க வைத்து ஊசி போட்டார்களாம். ஆயுதபூஜையன்று பொரி கொடுக்கும்போது இதை அவர் பேச்சாகவே பேசினார். வெடிவிபத்தில் கருகிப்போனவர்களைப் பற்றி ஒரு வருசமும் அவர் பேசியதில்லை. வயிற்றுப்போக்கைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். பெண்கள் பொரியை மடியில் வைத்துக்கொண்டு பக்தியோடு கேட்டார்கள்.

"ஒரு சார் நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்கு வாறாரு" என்றார் முதலாளி. "மதுரைல இருந்து. இன்சூரன்ஸ் ஆபீசர். உங்களைக் கேப்பாரு. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். வேன் கவுந்துருச்சு. அம்புட்டுத்தான்."



நவநீதகிருஷ்ணன் விளக்கினான். "உங்க நல்லதுக்குத்தாம்மா. உங்க எல்லாரு பேருலயும் பயணிகள் அவசர மருத்துவக் காப்பீடு போட்டிருக்கோம். யாத்திரை போற குழுவுக்குன்னு தனியா இருக்கு. பட்டாசு வேலைக்குப் போறவுகன்னு சொன்னா ஒரு கம்பெனியும் கிட்ட வராது. பக்தைகன்னா சந்தோசமாத் தருவான். அந்தக்கா ஆபரேஷன் செலவு பூராம் அவனே கட்டிருவான்."

"எங்களுக்கா? எப்பப் போட்டீக?" என்றாள் குருவம்மா. திரி வெட்டுகிறவள், வாயும் அப்படித்தான்.

"போட்டோ எடுத்தோமே, ஞாபகமில்லையா?"

எடுத்தார்கள். தைப்பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் எல்லாரையும் தலைசீவி, பூ வைத்து, வேன் முன்னால் நிற்கச் சொன்னார்கள். சிவகாசிக்காரர்கள் போட்டோ எடுத்தால் காலண்டருக்குத்தான் என்று இவர்கள் நினைத்துவிட்டார்கள். வேறென்ன நினைப்பது? தடுக்கி விழுந்தால் அச்சாபீசில் விழுகிற ஊர். வள்ளித்தாய் இரவல் கம்மல் வாங்கிப் போட்டு வந்தாள். பொங்கல் கழிந்தது. கம்பெனி காலண்டரில் வழக்கம்போல் தாமரையில் உட்கார்ந்த லட்சுமிதான் வந்தாள். 'அடுத்த வருசம் போடுவாக' என்று வள்ளித்தாய் எல்லாரையும் தேற்றினாள்.

ஆக, பக்தைகளாக நின்றிருக்கிறோம் என்று ஷரீஃபுன்னிசா நினைத்தாள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தோம். அந்தச் சிரிப்பைக்கூட விற்றிருக்கிறார்கள்.

"முதலாளி, ஒரு சந்தேகம்" என்றாள் குருவம்மா. "கோயிலுக்குப் போறவுக தூக்குவாளி எதுக்குக் கொண்டுபோனீகன்னு அந்தச் சார் கேட்டா?"

"பிரசாதம்னு சொல்லு."

"கருவாட்டுக் கொளம்பா?"

பின்வரிசையில் யாரோ முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார்கள். பெத்தணனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். "நக்கலா? ஏத்தா, அங்கன ஒருத்தி காலு ஒடிஞ்சு கிடக்கா, உனக்குச் சிரிப்பு வருது."

"நீங்கதான முதலாளி சிரிப்புக் காட்டுதீக. கம்பெனி வேன்ல கம்பெனிக்கு வேலைக்கு வந்தா. கம்பெனிதான பாக்கணும்?"

"எந்தக் கம்பெனி? நீங்கள்லாம் கான்ட்ராக்ட் ஆளுக. எனக்கும் உங்களுக்கும் என்ன இருக்கு? ஏதோ பாவம்னு பாக்கேன். சீசன் நேரம். வேலை வேணும்னா நாளைக்கு நான் சொன்னதைச் சொல்லுங்க. வேண்டாம்னா தீபாவளிக்கு வீட்ல இருந்து முறுக்குச் சுடுங்க."

கார்க் கதவு அடித்துச் சாத்தப்பட்டது. வெடிமருந்து இருக்கும் இடத்தில் எதையும் ஓங்கிச் சாத்தக்கூடாது என்று இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்தக் கம்பெனிதான்.

ஷரீஃபுன்னிசா மறுபடி செம்புத் தகட்டை மிதித்து உள்ளே போனாள். கட்டையை எடுத்தாள். கை வேலை செய்தது. மனம் முதலாளியைச் சுற்றியே நின்றது. பணத்துக்காக மட்டும் இவன் இப்படிச் செய்யவில்லை. மகள் கலியாணத்துக்கு வானத்தில் கொளுத்திய காசில் பத்துத் தொடை எலும்பைக் கட்டலாம். 'என் வேலையாட்கள்' என்று சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொன்னால் வேனைச் சொல்ல வேண்டும், தூங்காத டிரைவரைச் சொல்ல வேண்டும், கூரை பிளந்த அறைகளைச் சொல்ல வேண்டும். சொல்லாமலிருக்க ஒரு மாரியம்மனைப் பிடித்திருக்கிறான். ஷரீஃபுன்னிசா இதுவரை இந்த மனிதருக்குப் பயந்திருந்தாள். இன்று பயத்தைத் தேடினாள், காணவில்லை. அது இருந்த இடத்தில் ஓர் அருவருப்பு, சோற்றில் கிடக்கும் பூச்சியைப் பார்ப்பது போல. அது அவளுக்கே புதிதாக இருந்தது. ஆனால் வள்ளித்தாயின் கால்? அருவருப்பு அதைக் கட்டிவிடுமா? அந்த இடத்தில் மனம் வந்து முட்டி நின்றது.

சாயங்காலம் அவளும் குருவம்மாவும் பஸ் ஏறிச் சிவகாசி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தனியார் ஆஸ்பத்திரி. கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீசுக்குத் தகவல் போகும், எங்கே போன வேன் என்று எழுதுவார்கள் என்பதால் முதலாளியின் கார் நேராக இங்கே வந்திருந்தது.

வள்ளித்தாய்க்குப் பக்தை வேசத்துக்காகப் புது மஞ்சள் சேலை கட்டிக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மல்லிகை. கால் மரச்சட்டத்தில் கட்டப்பட்டு, கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். தோல் உரிந்து சிவந்திருந்தது.

"என்னடி இது?" என்றாள் ஷரீஃபுன்னிசா.

"மருமகன் வந்திருந்தாரு. நர்சுகிட்ட சோப்பும் பிரஷும் குடுத்து, கைல இருக்கிற வெள்ளியப் போக்கச் சொன்னாரு. ஆபீசர் பாத்தாத் தெரிஞ்சிருமாம். காலைலயும் தேச்சா, மத்தியானமும் தேச்சா. அந்தப் பிள்ளையும் பாவம், அழுதுட்டா. போகலைக்கா. நகக்கண்ணுல ஏறுனது எங்க போகும்?" வள்ளித்தாய் மூச்சு வாங்கினாள். "முந்தாநாள்ல இருந்து எல்லாரும் கையத்தான் பாக்காக. காலை ஒருத்தரும் தொடலை. ஆபீசர் வந்து சரின்னு சொன்னாத்தான் கத்தி வைப்பாகளாம்."

ஷரீஃபுன்னிசா அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வெள்ளியோடு வெள்ளி.

"நீ சொல்லு வள்ளி. நாங்க கோயில்னு சொல்லிருதோம். உன் காலு பிழைக்கட்டும். எங்களுக்கு அது பெருசில்ல."

வள்ளித்தாய் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். வலி அவள் முகத்தில் ஏறி இறங்கியது.

"காலு எனக்குத்தான். அதுக்காக என்ன வேணும்னாலும் சொல்லலாம்னுதான் நேத்துப் பூராம் கிடந்தேன். ஆனா சொல்லிட்டேன்னு வையி, நான் அந்தக் கம்பெனிக்கு யாரு? வழிப்போக்கி. இந்தக் காலு விந்தி விந்தி நடக்கும்போது யாரைப் போயிக் கேக்க? நாளைக்கு அதே வேன் கவுந்து நீ கிடந்தா, நீயும் வழிப்போக்கி. இங்கன வேண்டாம்க்கா. என்னை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. அங்கன தர்மத்துக்குப் பாப்பாக. போலீசு எழுதுனா எழுதட்டும்."

"வலி தாங்குவியா?"

"பூச்சட்டி இடிச்ச கைதான. கடிச்சுக்கிடுதேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்த மஞ்சச் சேலையை மட்டும் திருப்பிக் குடுத்துராதீக. நல்ல சேலை" என்றாள்.

குருவம்மா வெடித்துச் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள்.

சாத்தூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தம்பி ஜெய்லானிக்கு ஷரீஃபுன்னிசா பூத்திலிருந்து போன் செய்தாள். பள்ளிவாசல் ஜமாஅத்தில் ஓர் ஆம்புலன்ஸ் இருந்தது. "யாருக்கு, என்ன ஆளுன்னு கேப்பாகளோ?" என்று தயங்கினாள். "அடிபட்ட ஆளுன்னு சொன்னாப் போதும்" என்றான் ஜெய்லானி. "விடியவும் அங்கன நிக்கும்."

வெள்ளிக்கிழமை விடியலில் வாடகை வேன் ஏழாயிரம்பண்ணை பஸ் நிறுத்தத்தில் வந்து நின்று ஹாரன் அடித்தது. பெண்கள் தூக்குவாளிகளோடு நின்றார்கள். யாரும் ஏறவில்லை. பெத்தணன் இறங்கி வந்து, "ஏலா, சீசன்லா! ஆபீசர்கிட்டப் பொறவு கூட்டிட்டுப் போறேன். கலவை போட்டது போட்டபடி கிடக்கு, முதலாளி என்னைக் கொன்னுருவாரு" என்று கெஞ்சினான்.

"நாங்க பக்தைக பெத்தண்ணே. பக்தைக மருந்து இடிப்பாகளா?" என்றாள் குருவம்மா.

சிவகாசி டவுன் பஸ் வந்தது. எல்லாரும் அதில் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் மதுரை ஆபீசர் சலிப்போடு உட்கார்ந்திருந்தார். முதலாளி வரவில்லை, மருமகன்தான் நின்றான். யாரை முதலில் விசாரிப்பது என்றபோது அவன் ஷரீஃபுன்னிசாவைக் கைகாட்டினான். வருசக்கணக்கில் அதிர்ந்து பேசாதவள், சொன்னதைச் செய்கிறவள்.

"பேரு?"

"ஷரீஃபுன்னிசா."

ஆபீசரின் பேனா நின்றது. "இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கா போனீங்க?"

நவநீதகிருஷ்ணன் அவளை அப்போதுதான் நிஜமாகப் பார்த்தான். வருசம் பூராவும் கம்பெனிக்குள் நடமாடிய முகம். பக்தைகள் கூட்டத்தில் அவள் பெயரைச் சேர்த்தபோது அது ஒரு பெயர் என்றுகூட அவன் வாசிக்கவில்லை. "எல்லாரும் போவாங்க சார், எங்க பக்கம் ரொம்ப ஒத்துமை" என்று அவசரமாகச் சிரித்தான். பிறகு அவள் பக்கம் குனிந்து, "அக்கா, மனசுக்குக் கஷ்டமா இருந்தா, வழியில தர்காவுக்குப் போறதா சொல்லிக்கங்க. அதையும் யாத்திரையில சேத்துக்கலாம். கீழ ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க" என்றான்.

எவ்வளவு தாராளம் என்று அவள் நினைத்தாள். எந்தச் சாமியை வேண்டுமானாலும் தருவான். வேலையாள் என்ற பேரை மட்டும் தரமாட்டான்.

வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தாள். படிக்கட்டெல்லாம் தங்கள் பெண்கள். தெருவோரம் இன்னொரு வேன். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி வேன். அதிலிருந்தும் பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்களையும் பூ வைத்துப் போட்டோ எடுத்திருப்பார்கள் போல.

"நான் இருக்கன்குடிக்குப் போயிருக்கேன் தம்பி" என்றாள். "வள்ளித்தாய் மகனுக்கு மொட்டை போட்டப்ப. ஆடி மாசம், ஆத்து மணல்ல உக்காந்து அவ பொங்குன சோத்தைச் சாப்பிட்டிருக்கேன். எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. ஆனா செவ்வாக்கிழமை நாங்க அங்க போகலை. வேலைக்குப் போனோம்."

"அக்கா, யோசிச்சு..."

அவன் பேனாவை அவள் முன்னால் வைத்தான். அவள் அதை ஒரு விரலால், மருந்துக் கூம்பை நகர்த்துகிற பதமையோடு, மேசை ஓரத்துக்கு நகர்த்தினாள். அந்த இடத்தில் தூக்குவாளியை வைத்து மூடியைத் திறந்தாள். கருவாட்டு வாசனை வார்டு முழுக்கப் பரவியது. ஆபீசர் மூக்கைச் சுளித்து எழுந்தார்.

"மதுரைக்குத் தூரம் இருக்கு வள்ளி" என்றாள். "ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்புவோம்."